செறிவு அட்டவணை

செறிவு அட்டவணை என்பது வேதிச் சமநிலையில் உள்ள பொருட்களின் செறிவுகளைக் கணக்கிட உதவும் எளிய முறையாகும். இதில் தொடக்கச் செறிவு, செறிவு மாற்றம், சமநிலைச் செறிவு ஆகிய மூன்றும் மூன்று வரிசைகளில் எழுதப்படுகின்றன. நார்வே நாட்டு அறிவியலாளர்களான குல்ட்பர்க், வாகே ஆகியோர் 1864 இல் வெளியிட்ட நிறைதாக்க விதி இம்முறைக்கு அடிப்படையாகும்.

பயன்பாட்டுப் பின்னணி

சேத்தியாத்தோப்பை அடுத்த நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா தயாரிக்கும் ஆலை 1960களில் நிறுவப்பட்டது. இது பின்னர் மூடப்பட்டது. நிலக்கரியை வாயுவாக்கும்போது ஹைட்ரஜனுடன் கார்பன் மோனாக்சைடும் உண்டாகிறது. இது அம்மோனியா தயாரிப்பில் பயன்படும் இரும்பு வினையூக்கியின் செயல்திறனைக் கெடுக்கும். ஆகவே இதனை நீராவியுடன் வினைபுரியச் செய்வர்:

கார்பன் மோனாக்சைடு + நீராவி ⇌ கார்பன் டைஆக்சைடு + ஹைட்ரஜன்

எவ்வளவு கார்பன் மோனாக்சைடு எஞ்சும் என்பதை அட்டவணை மூலம் அறியலாம்.

எடுத்துக்காட்டு

சுமார் 800 கெல்வின் வெப்பநிலையில் இவ்வினையின் சமநிலை மாறிலி ஏறத்தாழ 4 ஆகும். கார்பன் மோனாக்சைடும் நீராவியும் லிட்டருக்கு 1 மோல் வீதம் எடுத்துக்கொள்ளப்படுவதாகக் கொள்க. வினைபுரிந்த அளவு 'ம' எனில்:

| | கார்பன் மோனாக்சைடு | நீராவி | கார்பன் டைஆக்சைடு | ஹைட்ரஜன் |
|---|---|---|---|---|
| தொடக்கம் | 1 | 1 | 0 | 0 |
| மாற்றம் | −ம | −ம | +ம | +ம |
| சமநிலை | 1−ம | 1−ம | ம | ம |

ம² ÷ (1−ம)² = 4

இருபுறமும் வர்க்கமூலம் காண, ம ÷ (1−ம) = 2; எனவே ம = 0.67. அதாவது மூன்றில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு எஞ்சுகிறது.

நீராவியை மிகுத்தல்

நீராவியின் தொடக்கச் செறிவு 3 எனில், சமன்பாடு பின்வருமாறு அமையும்:

ம² ÷ [(1−ம)(3−ம)] = 4

இதனைச் சுருக்கினால் 3ம² − 16ம + 12 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். இதன் மூலங்கள் 0.90, 4.43 ஆகும். இருந்த அளவான 1 மோலைவிட அதிகமாக வினைபுரிய இயலாது, எனவே 4.43 தள்ளப்படுகிறது. எஞ்சுவது சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. இது லீ சாட்லியர் தத்துவத்துடன் பொருந்துகிறது. இவ்வாறு எஞ்சியதும் தொழிற்சாலைகளில் அடுத்தடுத்த படிகளில் நீக்கப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

* மாற்ற வரிசையில் சமன்செய்த சமன்பாட்டின் குணகங்களைப் பயன்படுத்த வேண்டும். அம்மோனியா உருவாகும் வினையில் நைட்ரஜனுக்கு −ம, ஹைட்ரஜனுக்கு −3ம, அம்மோனியாவுக்கு +2ம என வரும்.
* தொடக்கத்திலேயே விளைபொருள் இருந்தால் அதனை முதல் வரிசையில் சேர்க்க வேண்டும்.
* திண்மப் பொருட்களும் தூய நீர்மங்களும் அட்டவணையில் இடம்பெறா.
* விடையைச் சமநிலை மாறிலிக் கோவையில் இட்டுச் சரிபார்த்தல் நன்று. மேற்கண்ட முதல் கணக்கில் (0.67)² ÷ (0.33)² ≈ 4 எனக் கிடைக்கிறது.