வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, ஸ்ரீரங்கம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலூரை ஒட்டிய மேலணை காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் அமைந்த பூங்கா. தமிழ்நாடு வனத்துறையின் பொறுப்பில் உள்ளது, 2015இல் திறக்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று சொல்லப்படுவதுண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன.

இங்கே நடந்தால்தான் எதுவும் கண்ணில் படும். பூச்சிகளை வரவழைப்பவை செடிகளே. வளர்ந்த பூச்சிக்குத் தேன் தரும் எந்தப் பூவும் ஏறத்தாழப் போதும். புழுவோ தனக்குரிய இலையை மட்டுமே தின்னும். எலுமிச்சை அழகி எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். எருக்கின் நச்சுப்பொருள் உடலில் சேர்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. ஆகவே புழு அரித்த இலைகள் இங்கே பராமரிப்புக் குறையல்ல.

திறந்தவெளித் தோட்டம், உள்ளரங்கக் கூடம், நட்சத்திர வனம் ஆகியவையும் உண்டு. வெயில் ஏறி இறக்கைகள் சூடான பிறகே பூச்சிகள் சுறுசுறுப்பாகப் பறக்கும். உச்சிவேளைக்கு முந்தைய காலைப்பொழுதே பார்க்க ஏற்றது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.