உறவற்றோர்க்கான நிலம்: தோக்கியோவின் ரியோகொக்குப் பகுதி

யப்பானிய நகர வாழ்வில் வழிபாட்டிடமும் மக்கள் கூடும் இடமும் முற்றாகப் பிரிந்து நின்றவையல்ல. தோக்கியோவில் சுமிதா ஆற்றின் கீழ்க்கரையிலுள்ள ரியோகொக்குப் பகுதியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தோக்கியோ எடோ என வழங்கிய காலத்தில், 1657இல் மூண்ட மெய்ரெக்கிப் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. மாண்டோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் என்பது மரபுவழிக் கணக்கு. ஆற்றைக் கடக்கப் பாலமின்மையாற் பலர் கரையிலேயே மடிந்தனர். யப்பானில் இறந்தோர்க்குரிய கிரியைகள் பெரிதும் குடும்பத்தின் கடமையாகும். குடும்பமே அழிந்தவிடத்து அக்கடமையை ஏற்பவர் யார்? சோகுனின் அரசு கீழ்க்கரையில் நிலம் ஒதுக்கி, உரிமை கோருவாரற்ற உடல்களை ஒருங்கே அடக்கஞ் செய்வித்தது. அங்கு எழுந்ததே எக்கோயின் விகாரை. ‘எக்கோ’ என்னுஞ் சொல் தாம் ஈட்டிய புண்ணியத்தைப் பிறர்க்கு ஈதலைக் குறிக்கும்.

சில ஆண்டுகளுள் ரியோகொக்குப் பாலம் அமைந்தது. தீ பரவாதிருக்கப் பாலமுகப்பில் விடப்பட்ட வெற்றிடத்தில் தேநீர்க் கடைகளும் வித்தைக் கொட்டகைகளும் நிறைந்தன. சமயப் பணிகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு நடத்தப்பட்ட சுமோ மற்போர், 1833 முதல் எக்கோயின் வளாகத்திலேயே ஒழுங்காக நிகழ்ந்தது. 1909இல் அதற்கென அரங்கமும் அங்கு எழுந்தது. இறந்தோரை நினைத்தலும் இருப்போர் களித்தலும் ஒரே நிலத்தில் நிகழ்வதை மக்கள் முரணாகக் கருதவில்லை.

1923 செப்டெம்பர் 1இல் நேர்ந்த புவிநடுக்கத்தின்போது, அயலிலிருந்த திறந்தவெளியில் தஞ்சமடைந்தோருள் ஏறத்தாழ 38,000 பேர் தீக்கிரையாயினர். அவ்விடத்தில் 1930இல், கட்டடக் கலைஞர் இத்தோ சூத்தாவின் திட்டப்படி நினைவு மண்டபம் எழுந்தது. 1945ஆம் ஆண்டு வான்தாக்குதலில் மாண்டோரின் எச்சங்களும் பின்னர் அங்கேயே வைக்கப்பட்டன.

ஆயினும் ‘உறவற்றோர்’ என்னும் பொதுப்பெயருள் எல்லோரும் அடங்கினரா என்பது ஆராயற்பாலது. புவிநடுக்கத்தை அடுத்துப் பரவிய வதந்திகளாற் கொரியர் பலர் கொல்லப்பட்டனர். அவர்க்கான நினைவுக்கல் அதே பூங்காவில் 1973இலேயே நாட்டப்பட்டது. அங்கு ஆண்டுதோறும் நிகழும் அஞ்சலிக்கு நகர ஆளுநர் இரங்கலுரை அனுப்பும் வழக்கமும் 2017இல் நிறுத்தப்பட்டது. அழிவில் இறந்த அனைவர்க்கும் பொதுவாக அஞ்சலி செலுத்தப்படுகின்றது என்பதே கூறப்பட்ட காரணம். எனினும், தீயில் மாண்டோரும் மனிதர் கையாற் கொலையுண்டோரும் ஒரே சொல்லுள் அடங்கும்போது, கொலை மறைந்துபோகின்றது. 1657இல் உறவற்றோர்க்கு உறவாக நின்ற அந்நிலம், இன்று யார் யாரைப் பெயர் சுட்டி நினைக்கும் என்னும் வினாவை எதிர்கொண்டு நிற்கின்றது.