பொருத்தத்தின் அரசியல்: ஒரு பித்தளைக் கூட்டை முன்வைத்து

தொழில்நுட்பத்துக்கு அரசியல் கிடையாது, அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அரசியல் என்று சொல்லிக் கைகழுவுகிற பேச்சு நம்மிடையே உண்டு. துப்பாக்கி விஷயத்தில் இது இன்னும் சுலபம். சுட்டவனைப் பற்றிப் பேசலாம், சுடப்பட்டவனைப் பற்றிப் பேசலாம். நடுவில் தெறித்து விழுகிற பித்தளைக் கூட்டைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? பேசிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரைபிள் தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. முனையில் குண்டு, உள்ளே மருந்து, அடியில் தீப்பொறி தருகிற கேப், இம்மூன்றையும் பிடித்து வைத்திருக்கிற பித்தளைக் கூடு. குழலின் பின்கோடியில் தோட்டா போய் உட்காரும் இடம் சேம்பர் என்கிற அறை. சுடும்போது அழுத்தத்தில் கூடு உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்புறம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்குகிறது. அதனால்தான் வெளியே எடுக்க முடிகிறது. ஆனால் பழைய அளவுக்கு அது திரும்புவதில்லை. சுட்ட கூடு தான் இருந்த அறையின் வார்ப்பாக வெளியே வருகிறது.

சுட்ட கூட்டிலேயே மறுபடி மருந்திட்டுப் பயன்படுத்துகிற பழக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலானது. அதற்கு முதல் வேலை, உப்பிய கூட்டை எஃகு அச்சுக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது. இதில் இரண்டு வழிகள். கழுத்தை மட்டும் நெருக்கினால் கூடு அது பிறந்த அறைக்கே திரும்பிப் போகும், வேறு துப்பாக்கியில் ஒருவேளை நுழையாது. முழு உடலையும் நெருக்கினால் எந்தத் துப்பாக்கிக்கும் போகும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டில் அறை தாராளமானது. கூடு ஒவ்வொரு முறையும் முன்னோக்கி நீள்கிறது, ஒவ்வொரு முறையும் அச்சு அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நாலைந்து தடவை இப்படி நடந்தால் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் தலை தனியாக, உடல் தனியாகப் பிய்ந்துவிடும். அனுபவசாலிகள் வளைத்த கம்பி முனையைக் கூட்டுக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே பள்ளம் விழுந்திருக்கும்.

ஃபூக்கோ 1975இல் வெளியான ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் ராணுவப் பயிற்சி சிப்பாயின் உடலையும் துப்பாக்கியையும் சிறுசிறு அசைவுகளாகப் பிரித்து ஒன்றோடொன்று பிணைத்த விதத்தைக் காட்டுகிறார். அது குழல்வாய் வழியே மருந்தையும் குண்டையும் இடித்து இறக்கிய காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பித்தளைக் கூடு வந்ததும் அந்த அசைவுகள் பெரும்பாலும் காணாமற்போகின்றன. அவற்றின் இடத்தில் தொழிற்சாலையின் அளவு வந்து உட்காருகிறது. ஒழுங்கு உடலிலிருந்து பொருளுக்குக் குடிபெயர்கிறது. பொருள் பொருந்தாமல் போனால் என்ன ஆகும்? அதன் கணக்கு மறுபடி உடலின் மேல்தான் எழுதப்படும் என்பதற்கு 1915 சாட்சி.

போயர் போர்க் காலத்தில் (1899-1902) கனடாவுக்கு லீ-என்ஃபீல்டு கிடைக்கவில்லை. சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்ற தேசியப் பெருமிதத்தோடு, 1903இல் சர் சார்லஸ் ரோஸுடன் ஒப்பந்தமாகி, கியூபெக்கில் ரோஸ் ரைபிள் தயாரானது. குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரத் துப்பாக்கி. அதன் அறை இறுக்கமானது. கனடாவில் செய்த தோட்டா அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. போர்முனையில் கிடைத்ததோ பிரிட்டனின் போர்க்காலத் தோட்டா; அவசரத்தில் செய்தது, அளவில் தளர்ந்தது. பெயரளவில் இரண்டும் ஒரே .303தான். 1915 ஏப்ரலில் ஈப்ர் களத்தில், நச்சுப் புகைக்கு நடுவே, சுட்ட கூடு அறைக்குள் சிக்கிக்கொண்டது. போல்ட்டை பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள், மண்வெட்டிப் பிடியால் அடித்துத் திறந்தார்கள். போல்ட்டின் பின்விளிம்பு நசுங்கியதும் இன்னொரு காரணம். பிழைத்த சுமார் 5,000 பேரில் 1,452 பேர் ரோஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ்காரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதன் பிறகு நடந்த சண்டை சுவாரஸ்யமானது. குறை துப்பாக்கியிலா, தோட்டாவிலா, சிப்பாயிலா? அமைச்சர் சாம் ஹ்யூஸ் கடைசிவரை ரோஸை விட்டுக்கொடுக்கவில்லை. அதைக் குறைசொன்ன படைத்தலைவர் ஆல்டர்சன் 1916 மே மாதம் தலைமையை இழந்தார். வேறு காரணங்களும் இருந்தன. ஹ்யூஸும் அவ்வாண்டு நவம்பரில் பதவி இழந்தார். இதற்கிடையே அறைகளைக் குடைந்து அகலப்படுத்தினார்கள். பித்தளைக்காக எஃகு வளைந்துகொடுத்தது. எனினும் 1916க்குள் காலாட்படையிடமிருந்து ரோஸ் விலக்கப்பட்டது. ஆனால் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுகிறவர்கள் மட்டும், தோட்டாவைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, அதே ரோஸை விரும்பி வைத்துக்கொண்டார்கள். ஆக, ‘மோசமான துப்பாக்கி’ என்று தனியாக ஒன்று இல்லை. இரண்டு அளவுகள் மோதிக்கொண்ட இடத்தில் நின்றவன் செத்தான், அவ்வளவுதான்.

பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. பித்தளை என்பது இங்கே எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். குளிர்ந்த நிலையில் இழுத்தாலோ நெருக்கினாலோ அது கெட்டிப்படுகிறது. நெருக்கியதன் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ‘காய்ச்சாம அடிச்சா விரிசல் விட்டுடும்’ என்பது பித்தளைப் பாத்திரம் அடிக்கிற எந்தக் கன்னாருக்கும் தெரிந்த சங்கதி. மறுமருந்திடுகிறவர்களும் கூட்டின் கழுத்தை இடையிடையே சூடாக்கி இளக வைப்பது இதனால்தான்.

இந்த இறுக்கத்துக்கு நம் நாட்டோடு நேரடியான ஒரு சம்பந்தமும் உண்டு. காலனிய இந்தியாவில் பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக் கூடுகள், யாரும் தொடாமலேயே பிளந்தன. ‘சீசன் கிராக்கிங்’ என்று பெயர் வைத்தார்கள், பருவத்தின் மேல் பழியைப் போட்டு. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோரின் ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும் ஒரு பாதி. மறு பாதி, தொழிற்சாலையில் கூட்டை அளவுக்குக் கொண்டுவந்தபோது அதற்குள் தங்கிப்போன இறுக்கம். மிதமான சூட்டில் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் அதே மழையில் கூடு பிளப்பதில்லை.

பொருந்த மறுத்தது, தானாக வெடித்தது, ‘இந்த ஊர்ச் சீதோஷ்ணமே இப்படித்தான்’ என்றெல்லாம் வரலாற்றில் பொருள்களைப் பற்றி மட்டும் எழுதப்படவில்லை. மக்களைப் பற்றியும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாதிரி வரிகளைப் படிக்கிறபோது மழையை விட்டுவிட்டு அச்சை விசாரிப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.