பெயரில் மட்டும் மிஞ்சிய இரும்பு



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் வயது வந்த பெண்பிள்ளை இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

முதலில் ஒரு பழைய இலக்கணப் பாடம். இரும்பு + பாதை = இருப்புப்பாதை. மென்தொடர் வன்தொடராகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, நினைவிருக்கிறதா? அதே விதிப்படிதான் இரும்பு + சட்டி = இருப்புச்சட்டி. அது பேச்சில் திரிந்து இலுப்பச்சட்டி ஆனது. இலுப்பை மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்று உங்கள் அடுக்களையில் அந்தப் பெயரில் இருக்கும் சட்டியைத் திருப்பிப் பாருங்கள். அலுமினியமாக இருக்கும், எவர்சில்வராக இருக்கும், இல்லையென்றால் கறுப்புப் பூச்சு பூசிய நான்ஸ்டிக்காக இருக்கும். பெயரில் இரும்பு இருக்கிறது, சட்டியில் இல்லை. அந்த இரும்பு எப்படிப் போனது, அதோடு சேர்ந்து வேறு என்னென்ன போயின என்பதுதான் இன்றைய பாடம்.

இதை எழுதக் காரணம், என் பழைய மாணவி ஒருத்தி அனுப்பிய செய்தி. அவள் மகளுக்குப் பதினைந்து வயது. படியேறினால் மூச்சு வாங்குகிறதாம். இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க டீச்சர். வயித்தைப் பிரட்டுதுன்னு சாப்பிட மாட்டேங்கிறா. தினமும் முருங்கைக்கீரை குடுத்தா போதாதா?" என்று கேட்டிருந்தாள். "மாத்திரையை நிறுத்தாதே, வயிற்றைப் பிரட்டுவதை டாக்டரிடம் சொல், கீரையும் கொடு" என்று பதில் போட்டேன். அந்தப் பதிலுக்குப் பின்னால் முந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சோகை என்பது நல்ல தமிழ்ச் சொல். கரும்பின் காய்ந்த தோகையைக் கரும்புச் சோகை என்போம். அதுபோல வெளுத்துச் சோர்ந்து போவது சோகை. சித்த மருத்துவம் இதைப் பாண்டு என்றது. அதற்கு அயச்செந்தூரம் என்ற மருந்து கொடுத்தது. அயம் என்றால் இரும்பு. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்ற மருத்துவர், வெளுத்துப்போன இளம்பெண்களுக்கு இரும்புத்தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுத்தார். குணம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோன்யா நகரில் வின்சென்சோ மெங்கினி இரத்தத்தைச் சுட்டுப் பொடியாக்கிக் காந்தத்தைக் காட்டினார். துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. நம் உடம்பில் ஓடும் இரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்பதற்கு அது கண்ணால் கண்ட சாட்சி.

எவ்வளவு இரும்பு? ஒரு முழு ஆளின் உடம்பில் மூன்று நான்கு கிராம்தான். ஒரு சின்ன ஆணியின் எடை. அந்த ஆணி தேய்ந்தால் ஆளே தேய்கிறார். மாதவிலக்கு, பிள்ளைப்பேறு என்று பெண்களுக்கு அது அதிகம் தேய்கிறது. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து என்றும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்றும் இருக்கிறது. நம் வீட்டு வழக்கமோ ஆணுக்கு முதல் பந்தி, பெண்ணுக்குச் சட்டியில் ஒட்டியிருப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி சட்டிக்கு வருவோம். இரும்பு நமக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் தோண்டியபோதே இரும்புக் கருவிகள் கிடைத்தன. ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த தோசைக்கல்லும் இருப்புச்சட்டியும் மண்சட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. வசதியுள்ள வீடுகளில் பித்தளை, வெண்கலம். பித்தளைக்கு அடிக்கடி ஈயம் பூச வேண்டும்.

1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில், அதாவது இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியில், ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அலுமினியத் தகட்டில் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். நம் நாட்டு அலுமினியப் பாத்திரத் தொழிலின் தொடக்கம் நம் சென்னைதான். நலிந்துகொண்டிருந்த உலோகத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பது அவர் எண்ணம். அலுமினியம் எடை குறைவு, விலை மலிவு, துருப்பிடிக்காது, ஈயம் பூச வேண்டாம். கிணற்றடியில் பாத்திரம் துலக்கிய பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பின்னால் எவர்சில்வர் வந்தது, அதன்பின் நான்ஸ்டிக் வந்தது. இரும்புச்சட்டி பரணுக்குப் போய், பிறகு பழைய இரும்புக்காரரிடம் போய்ப் பேரீச்சம்பழமாகத் திரும்பி வந்தது.

போனது பாத்திரம் மட்டுமா என்று பின்னாளில் அளந்து பார்த்தார்கள். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் இரண்டு ஆய்வாளர்கள் இருபது வகை உணவுகளை இரும்புச்சட்டியில் சமைத்து அளந்தார்கள். ஆப்பிள் கூழில் 100 கிராமுக்கு 0.35 மில்லிகிராமாக இருந்த இரும்பு 7.38 ஆகியிருந்தது. புளிப்பும் ஈரமும் இருந்தால், அதிக நேரம் கொதித்தால், இரும்பு அதிகம் இறங்குகிறது. நம் வத்தக்குழம்பும் தக்காளித் தொக்கும் இந்த மூன்றுக்கும் பொருத்தம். எண்ணெயில் சட்டென்று பொரித்தெடுப்பதில் அவ்வளவு இறங்காது. 1999இல் எத்தியோப்பியாவில் நடந்த ஆய்வு இன்னும் முக்கியம். சில குடும்பங்களுக்கு இரும்புப் பானையும் சில குடும்பங்களுக்கு அலுமினியப் பானையும் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். இரும்புப் பானை வீட்டுக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் சராசரியாக 1.7 கிராம் கூடியது. அலுமினிய வீட்டில் 0.4 கிராம்தான்.

உடனே "அலுமினியம் வந்துதான் சோகை வந்தது" என்று பகிர்ந்துவிடாதீர்கள். சோகை அதற்கு முன்பே இருந்தது. வெறுங்காலோடு வயலில் நடந்தவர்களின் குடலில் கொக்கிப்புழு இரத்தம் குடித்தது. 1920களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்கத் தனியாகவே வேலை செய்தது. பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பதும் அதே காரணத்துக்குத்தான். கம்போடியாவில் மீன் வடிவ இரும்புத் துண்டைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைக்கச் சொன்னார்கள். பிறகு நடந்த ஆய்வில் அது பலன் தரவில்லை. அங்கே பலருக்குச் சோகை வந்தது பரம்பரை இரத்தக் குறைபாட்டால். இரும்பு குறைந்தவருக்குத்தான் இரும்பு மருந்து.

சட்டியோடு தானியமும் மாறியது. கம்பு 100 கிராமில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, கேழ்வரகில் 4க்கு மேல். தீட்டிய வெள்ளை அரிசியில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் குன்னூரிலிருந்து. அங்கே மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் சிறிதாகத் தொடங்கிய ஆய்வுதான் பிறகு ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த ஆய்வகம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

ஆனால் தானியத்தில் இருப்பதெல்லாம் இரத்தத்தில் சேராது. தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டேட் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அந்தப் பிடி தளரும். கூழைப் புளிக்கவைத்ததும், பயறை முளைகட்டியதும், இட்லி மாவை இரவெல்லாம் பொங்கவிட்டதும் ருசிக்காக மட்டும் என்று நினைத்திருந்தோம்.

இன்னொரு மாற்றம் தேநீர். நம் ஊர்களுக்கு அது பழைய வழக்கமில்லை. 1930களில் தேயிலையைப் பரப்ப ஊர் ஊராக இலவசமாகப் போட்டுக் கொடுத்துப் பழக்கினார்கள். 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோற்றோடும் ரொட்டியோடும் தேநீர் கொடுத்துப் பார்த்தார்கள். தேநீரின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகி, உடம்பில் சேராமல் போவதைக் கண்டார்கள். டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்கிறேன்.

கீரைக்கு வருகிறேன். பாப்பாய் என்ற கேலிச்சித்திர வீரன் பசலைக்கீரை டப்பாவைத் திறந்து விழுங்கிப் பலசாலி ஆவான். யாரோ ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியைத் தவறாக வைத்ததால்தான் கீரைக்கு இரும்புப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. தேடிப் பார்த்தவர்கள் அந்தக் கதைக்கே ஆதாரமில்லை என்றார்கள். முதலில் பாப்பாய் கீரை தின்றது வைட்டமின் 'ஏ'க்காக. கீரையில் இரும்பு உண்டு. ஆனால் தனியாக வந்தால் பெரும்பகுதி சேராமல் போய்விடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி இவற்றில் இருக்கும் வைட்டமின் 'சி' அதைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் எளிதாகச் சேரும் இரும்பு. 1920களில் அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள், இரத்தம் எடுக்கப்பட்ட நாய்களுக்கு ஈரல் கொடுத்துத் தேற்றினார். அதன் தொடர்ச்சியாக 1934இல் நோபல் பரிசும் கிடைத்தது. சுவரொட்டி வாங்கி வரச் சொன்ன நம் பாட்டிமார்களுக்குப் பரிசு ஏதும் கிடைக்கவில்லை!

கீரைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் கர்ப்பகாலச் சோகையை ஆராய்ந்தார். அங்கே அவர் கண்ட ஒரு வகைச் சோகை ஈஸ்ட் சாற்றில் குணமானது. அதில் இருந்த சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால், லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர். இன்று அரசு கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு அதுவும் இருக்கிறது.

அந்த நீல மாத்திரையை வாரம் ஒருமுறை உங்களில் இளையவர்களுக்கு நானே கையில் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, வேப்பமரத்தடியில் துப்பியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். 1970 முதல் நாடு இரும்பு மாத்திரை கொடுத்து வருகிறது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. தமிழ்நாட்டில் 53 பேர். என் வகுப்பில் நாற்பது பெண்பிள்ளைகள் என்றால் இருபதுக்கு மேல். காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தவர்களை "சாப்பிடாம வந்திருப்பா" என்று சொல்லித் தண்ணீர் தெளித்தோமே, அவர்களில் எத்தனை பேரோ!

ஆகவே பிள்ளைகளே, செய்யக்கூடியது இதுதான். ஒரு இரும்புச்சட்டி வாங்குங்கள். வடிகஞ்சி ஊற்றி ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிப் பழக்குங்கள். புளிக்குழம்பை அதில் வையுங்கள், வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அதிலேயே கிடந்தால் கறுத்துக் கசக்கும். கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவினால் துரு வராது. வாரத்தில் மூன்று நாளாவது கம்போ கேழ்வரகோ செய்யுங்கள். கீரை வைக்கும் நாளில் ஒரு துண்டு எலுமிச்சை.

அளவு மீறினாலும் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் இரும்புக் கலனில் காய்ச்சிய பீரைக் குடித்தவர்களுக்கு ஈரலில் இரும்பு தேங்கி நோய் வந்தது. தலசீமியா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரும்பு சேர்க்கக் கூடாது. ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ சோகை என்றால் உள்ளே எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். செந்தூரம், டானிக் எதுவும் சுயமாக வேண்டாம். 8.6க்குச் சமையல் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அது மீண்டும் 8.6க்கு இறங்காமல் இருக்கத்தான் சமையல்.

கடைசியாக, இருப்புச்சட்டியைவிட முக்கியமான ஒன்று. குழம்பில் அடியில் கிடக்கும் ஈரல் துண்டையும் கீரையின் முதல் கரண்டியையும் வீட்டுப் பெண்பிள்ளையின் தட்டில் முதலில் வையுங்கள். அம்மாவும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். இதற்குக் காசு செலவில்லை, ஆராய்ச்சியும் தேவையில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இருப்புச்சட்டி இருந்தால், அது யார் காலத்தது என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு இரத்தம் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். இது வீட்டுப்பாடம். அடுத்த மாதம் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்