வாசல் வரை வந்த வைத்தியம்

ஆஸ்பத்திரியிலிருந்து யாரையாவது டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அழைத்து வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால், இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசு இல்லை.

சில வருடங்களுக்கு முன் என் பெரியப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். நல்ல பெயர் எடுத்த ஆஸ்பத்திரிதான். உள்ளே இருந்த ஒன்பது நாளும் ராஜ உபசாரம். பத்தாம் நாள் காலை பில் செட்டில் ஆனது. கையில் ஒரு ஃபைல், பை நிறைய மாத்திரை, ‘ரெண்டு வாரம் கழிச்சு வாங்க’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ராத்திரி பெரியப்பாவுக்குக் காய்ச்சல். தையல் போட்ட இடமெல்லாம் சிவப்பு. ஃபைலைப் புரட்டினால் நாலு பக்கமும் இங்கிலீஷ், அதிலும் பாதி சுருக்கெழுத்து. போன் செய்தால், ‘டாக்டர் கிளம்பிட்டார், காலைல ஓ.பி-க்கு வாங்க.’ பழைய சர்க்கரை மாத்திரையைத் தொடரணுமா, நிறுத்தணுமா என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் ஃபைல்லயே இருக்குமே சார்!’

பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ‘உள்ள இருந்த வரைக்கும் மணிக்கொரு தரம் வந்து பார்த்தாங்களே... வாசப்படி தாண்டினா நாம யாரோவா?’

அந்தக் கேள்விக்கு இதே சென்னையில், எழுபது வருடங்களுக்கு முன்பே ஒருமுறை பதில் கிடைத்திருக்கிறது. பதிலைத் தொலைத்துவிட்டு நிற்பது நாம்தான்!

மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் ‘தாம்பரம் சானடோரியம்’ ஸ்டேஷன் தெரியும். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த மருத்துவமனையால் வந்த பெயர் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு... காச நோய்க்கு அன்றைக்கு உலகம் அறிந்த வைத்தியம் அதுதான். நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்வது அவருக்கும் ஆபத்து, குடும்பத்துக்கும் ஆபத்து என்று நம்பினார்கள்.

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-ல் ஐசோனியாசிட் புழக்கத்துக்கு வந்தது. மருந்து கிடைத்துவிட்டது. படுக்கைக்கு எங்கே போவது? இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். ‘வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா?’ என்ற கேள்வி எழுந்தது. யோசிக்கவே பயமான கேள்வி!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்தன. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் சிகிச்சை மையம் பிறந்தது. பொறுப்பேற்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். குலுக்கல் மாதிரி பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். அங்கே சத்தான சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். இங்கே இடநெருக்கடி, கஞ்சி, பிழைப்பு.

முடிவு 1959-ல் வெளியானது. ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் 86 பேர். கிட்டத்தட்ட சரிக்குச் சரி! ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்ததில், நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து எதுவும் வரவில்லை. காச நோய் என்றால் சானடோரியம் என்கிற கணக்கையே உலகம் மாற்றி எழுத ஆரம்பித்தது. சேத்துப்பட்டு உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

இத்தோடு நிறுத்தினால் கதையில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும். அந்த 86 சும்மா வந்துவிடவில்லை.

வீட்டு நோயாளி வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். மையத்தின் ஊழியர்கள் வீடு தேடி வருவார்கள். சொல்லாமல் கொள்ளாமலும் வருவார்கள்! வந்ததும் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். காரணம் இருந்தது. அன்றைய இரண்டாவது மருந்தான பி.ஏ.எஸ்., வயிற்றைப் புரட்டும். அதைக் கிராம் கணக்கில் தினமும் விழுங்க வேண்டும். தவிர, ஓரிரு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிட்டால், ‘இனி எதுக்கு மருந்து?’ என்று தோன்றுவது மனித சுபாவம்தானே.

மருந்தை நோயாளி கையில் கொடுத்துவிட்டு ‘சாப்பிட்டுக்கொள்’ என்று விடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே கட்டுரை எழுதிவிட்டார். வாரம் இரண்டு முறை, ஊழியரின் கண்முன்னாலேயே மருந்து கொடுக்கும் முறையை அறுபதுகளில் இதே மையம் பரிசோதித்துக் காட்டியது. பின்னாளில் உலகம் முழுக்க ‘டாட்ஸ்’ என்று பரவிய திட்டத்துக்கு விதை அங்கே விழுந்தது.

நாம் என்ன செய்தோம்? 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. வீட்டிலேயே வைத்தியம் என்கிற பாதியை இறுகப் பிடித்துக்கொண்டோம், பின்னாலேயே போய்ப் பார்ப்பது என்கிற பாதியைக் கோட்டை விட்டோம். முப்பது வருடம் கழித்து, 1992-ல் திட்டத்தைப் பரிசீலித்தபோது குட்டு வெளிப்பட்டது. சிகிச்சையை ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர்கூட அதை முடிக்கவில்லை! 1997-ல் திட்டத்தைத் திருத்தி, நேரடிக் கண்காணிப்போடு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இது கணக்குப் புத்தகமாகவே தெரிகிறது. படுக்கைச் செலவு மிச்சம் என்று வரவில் எழுதினோம். அந்த மிச்சத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது வீட்டுக்குப் போன ஊழியரின் கால்நடை. அந்தச் செலவுக்குப் பக்கமே ஒதுக்கவில்லை. அப்புறம் எப்படி டேலி ஆகும்?

இன்றைக்கும் கதை அதுதான். ஆபரேஷன் முடிந்தவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அனுப்பட்டும், தப்பே இல்லை. குணமாக வீடு மோசமான இடமில்லை என்பதைச் சேத்துப்பட்டு நிரூபித்திருக்கிறது. ஆனால், ஆஸ்பத்திரியும் கொஞ்ச தூரம் கூடவே வர வேண்டும் என்பதையும் சேர்த்துத்தானே நிரூபித்தது! தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டுக் கதவைத் தட்டியது. அரசாங்கத்தால் தட்ட முடிகிற கதவு, லட்சங்களில் பில் போடுகிற இடங்களுக்கு மட்டும் ஏன் எட்டுவதில்லை?

அதுவரை, பில் கட்டும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு. எந்தப் பழைய மாத்திரையை நிறுத்தணும்? என்ன நடந்தால் உடனே ஓடி வரணும்? நடு ராத்திரியில் எந்த நம்பருக்கு போன் செய்தால் விவரம் தெரிந்த ஆள் எடுப்பார்? இதையெல்லாம் தமிழில் எழுதித் தருவீர்களா? வெட்கப்படாமல் கேளுங்கள்.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். அன்று ராத்திரி எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஃபைலைப் படித்தார், தையலைப் பார்த்தார், ‘விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே கிளம்புங்க’ என்றார். கிளம்பினோம். காயத்தில் சீழ் கட்டியிருந்தது.

மறுநாள் காலையும் அவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு போன் வந்தது, இரண்டு வாரம் கழித்து. உபசரிப்புக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள்.