லாஸ் பின்யாஸ் மூங்கில் ஆர்கன்: அங்கீகாரமும் பேணுகையும்

முன்னுரை

தொன்மையான இசைக்கருவி ஒன்றை மரபுச் செல்வமாக அறிவிப்பதும் அதனைப் பேணுவதும் ஒன்றல்ல. ஓவியத்தையும் சிற்பத்தையும் போலக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பதற்குரிய பொருளன்று இசைக்கருவி. அதன் ஒலி நின்றுவிட்டால் எஞ்சுவது வெறும் கூடே. பிலிப்பீன்ஸ் நாட்டில், மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பின்யாஸ் நகரின் புனித சூசையப்பர் ஆலயத்தில் உள்ள மூங்கில் ஆர்கனின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் அமைப்பும்

இவ்வார்கனை உருவாக்கியவர் அவ்வூரின் பங்குக் குருவாக இருந்த ஸ்பானியத் துறவி தியேகோ செரா ஆவார். 1816இல் தொடங்கிய பணி 1824இல் நிறைவுற்றது. துருத்தி தரும் காற்று ஒரு பேழையில் தேங்கி நிற்க, வாசிப்பவர் கட்டையை அழுத்தும்போது உரிய குழலுக்குள் புகுந்து ஒலியெழுப்புவதே ஆர்கனின் இயக்கம். ஐரோப்பாவில் இக்குழல்களை ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலும் மரத்தாலும் செய்வது வழக்கம். செராவோ உள்ளூரில் எளிதிற் கிடைத்த மூங்கிலைத் தேர்ந்தார். மொத்தமுள்ள 1,031 குழல்களுள் 902 மூங்கிலால் ஆனவை. எக்காள ஒலிக்குரியவை உள்ளிட்ட 129 குழல்கள் மட்டுமே உலோகத்தால் ஆனவை. பூச்சி அரிக்காதிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் நெடுநாள் புதைத்துப் பதப்படுத்தினார் என்பது மரபுவழிச் செய்தி. வேய்ங்குழலை அறிந்த நமக்கு மூங்கில் இசைப்பது வியப்பன்று. ஐரோப்பியக் கருவியொன்று கீழை மண்ணின் பொருளால் மறுபிறப்பு எடுத்ததே இங்குக் கருதத்தக்கது.

சிதைவும் மீட்பும்

1880ஆம் ஆண்டு நிலநடுக்கமும் 1882ஆம் ஆண்டுப் புயலும் ஆலயத்தைத் தாக்கின, ஆர்கனும் சேதமுற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைபெற்ற பழுதுபார்ப்பு ஓரளவே பயன் தந்தது. இறுதியில், 1973இல் ஆர்கன் பிரிக்கப்பட்டு, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்குக் கப்பலில் அனுப்பப்பட்டது. குளிர்நாட்டின் வறண்ட காற்றில் மூங்கில் வெடித்துவிடாதிருக்க, பிலிப்பீன்ஸின் வெப்பமும் ஈரப்பதமும் அமைந்த அறையொன்று அங்கு உருவாக்கப்பட்டது. 1975இல் கருவி தாயகம் திரும்பியது. 1976 முதல் அதனை மையமாகக் கொண்ட இசைவிழா நடைபெறலாயிற்று. கோலாலம்பூரில் 1998இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் இசையரங்கின் ஆர்கனும், சிங்கப்பூரில் 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்கின் ஆர்கனும் இதே பட்டறையின் படைப்புகளே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும், பழுது நேரும்போதெல்லாம் கடல் கடந்து அனுப்புதல் நிலையான தீர்வாகாது. ஐரோப்பா சென்று இக்கலையைப் பயின்று திரும்பியோரைக் கொண்டு, 1994இல் லாஸ் பின்யாஸிலேயே செராவின் பெயரில் ஆர்கன் பட்டறை ஒன்று தோன்றியது. 2003-2004இல் மேற்கொள்ளப்பட்ட சீரமைப்பை உள்ளூர்க் கைகளே செய்துமுடித்தன. பிலிப்பீன்ஸ் தேசிய அருங்காட்சியகம் இதனைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்ததும் 2003இல்தான். அதாவது, பேணும் திறன் மண்ணில் வேரூன்றிய பின்னரே அரசின் அங்கீகாரம் வந்து சேர்ந்தது.

முடிவுரை

இவ்வரிசைமுறை நமக்கும் பாடமாகும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், இடங்களையும் பொருள்களையும் மட்டுமன்றி, வாழும் மனிதரையும் தேசிய மரபுடைமையாக அறிவிக்க இடமளிக்கிறது. கலைஞரைப் போற்றும் நாம், அவர் கையிலுள்ள கருவியைச் செய்பவரையும் செப்பனிடுபவரையும் அவ்வாறே போற்றுதல் வேண்டும். அவர்தம் அறிவு அடுத்த தலைமுறைக்குக் கைமாறாவிடில், நாம் காப்பது கருவியை அன்று. அதன் கூட்டையே ஆகும்.