பெட்டிக்குள் இருக்கும் பதக்கம்



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய சேலை மடிப்புக்குள் கிடக்கும் ஒரு சிறு உலோக வட்டத்திலும் வரலாறு உண்டு. பள்ளிக்கூடத்திலும் ஞாயிறு பள்ளியிலும் அக்காலப் பிள்ளைகளுக்குப் பரிசாக அளித்த பதக்கங்களைப் பற்றியே இன்று பேச இருக்கிறோம்.

முதலில், இப்பழக்கம் எங்கே தோன்றியது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் இருந்தார். அந்நகரின் ஏழைப் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாள் வேலைத்தளங்களில் உழைத்தார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளிலாவது அவர்கள் எழுத்துக் கற்கட்டும் என்று 1780-இல் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். ஆகவே, ஞாயிறு பள்ளி என்பது தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக வளர்ந்த பள்ளி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அதன் நூறாம் ஆண்டான 1880-இல் லண்டனில் ரெய்க்ஸுக்குச் சிலை வைத்தார்கள். நினைவுப் பதக்கங்களையும் வெளியிட்டார்கள்.

வாரநாள் பள்ளிகளின் கதை வேறு. 1862 முதல் இங்கிலாந்தில் பிள்ளைகளின் வருகையையும் தேர்ச்சியையும் கணக்கிட்டே பள்ளிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. பிள்ளை வராவிட்டால் பள்ளிக்குப் பணம் குறையும். எனவே, ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பதக்கம் அளித்து ஊக்குவித்தார்கள். அடுத்த ஆண்டும் தவறாமல் வந்தால், அதே பதக்கத்தின் நாடாவில் ஆண்டு பொறித்த ஒரு சிறு பட்டை சேர்ந்தது.

சிறந்த பதக்கங்கள் வெள்ளியிலும் வெண்கலத்திலும் இருந்தன. மலிவானவை, ஈயத்துடன் ஆண்டிமனி சேர்த்த வெள்ளை உலோகத்தால் ஆனவை. ஈயம் என்றதும் நம் ஈப்போ மக்களுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. நம் கிந்தா பள்ளத்தாக்கு உலகின் பெரும் ஈய வயல்களுள் ஒன்றாக விளங்கியது அன்றோ!

ஈப்போவில் 1895-இல் பாதிரியார் ஹோர்லி ஆங்கிலோ சைனீஸ் பள்ளியைத் தொடங்கினார். 1912-இல் செயின்ட் மைக்கேல் பள்ளி தோன்றியது. பரிசளிப்பு விழா என்னும் பழக்கமும் இத்தகைய ஆங்கிலப் பள்ளிகளின் வழியே நம் நாட்டில் வேரூன்றியது.

தோட்டத்திலோ நிலைமை வேறாக இருந்தது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. கொட்டகை ஒன்று, ஆசிரியர் ஒருவர், அவ்வளவுதான் பல தோட்டங்களில். விடியுமுன் தாய் பெரட்டுக்குப் போய்விடுவாள். மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்ள வேண்டும். சில நாள் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் போக வேண்டும். இந்நிலையில் ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் தவறாமல் பள்ளிக்கு வந்தது என்றால், அந்தப் பதக்கத்தில் பாதி அதன் தாயைச் சேர்ந்ததாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், பழம்பொருள் ஒன்றைக் கொண்டுவரும்படி எங்கள் மாணவர்களிடம் சொல்லியிருந்தோம். ஒரு சிறுமி தன் கொள்ளுப்பாட்டியின் ஞாயிறு பள்ளிப் பதக்கத்தைக் கொண்டு வந்தாள். நாங்கள் பாட்டியைத் தேடிச் சென்று கேட்டோம். “அது என்னுடையதில்லை ஐயா, எங்க அண்ணனுடையது. சயாம் ரயிலுக்குப் போனவர் திரும்பவில்லை” என்றார். 1942-1943-இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டதை நேயர்கள் அறிவீர்கள். அந்த அண்ணனுக்குப் புகைப்படம் இல்லை, கல்லறையும் இல்லை. அவர் பெயர் பொறித்த பொருள் அந்தப் பதக்கம் ஒன்றே. பாட்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அன்பினால் செய்த காரியந்தான். ஆனால் பெயரில் பாதி எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. எஞ்சிய எழுத்துகளைப் பாட்டி சொல்லச் சொல்ல, அச்சிறுமி நோட்டில் எழுதிக் கொண்டாள்.

ஆகையால், பழைய பதக்கத்தைத் தேய்க்காதீர்கள். மேலே படிந்த கறுப்பு அதற்குக் கேடன்று. உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் வைக்காமல், தாளில் சுற்றி, ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். விளிம்பையும் பின்புறத்தையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால், அது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி கொண்ட இங்கிலாந்துப் பதக்கம். அதனுடன் நங்கூரமும் இருந்தால் பர்மிங்காமில் சோதித்து முத்திரையிட்டது. பக்கத்திலுள்ள ஓர் எழுத்து ஆண்டைக் குறிக்கும்.

ஈப்போவில் ஹோர்லியின் பெயர் தாங்கிய வீதியிலேயே பல ஆண்டுகள் ஞாயிறுதோறும் பழம்பொருள் சந்தை கூடியது. அத்தகைய சந்தையில் பதக்கம் வாங்கிச் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் பெற்றவர் யார், எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று கேட்காமல் சேர்த்தால் அது வெறும் உலோகக் குவியலே. விற்பவரும் ஒன்றை நினைக்க வேண்டும். வெள்ளியை எடைபோட்டு விற்றால் சில ரிங்கிட் கிடைக்கும். போன பெயர் திரும்பாது.

1957-இல் நம் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. மூடப்பட்ட பள்ளிகள் பலவற்றின் பதிவேடுகள் எங்கே என்று யாரைக் கேட்பது? நம் பெட்டிகளில் கிடக்கும் பதக்கமும் நற்சான்றிதழும் பரிசாக வந்த எவர்சில்வர் தம்ளரும்தான் அப்பள்ளிகளுக்குச் சாட்சி.

நேயர்களே, இன்றிரவு அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கம் இருந்தால் அதன் இரு பக்கங்களையும் படம் எடுங்கள். பெற்றவர் பெயர், தோட்டம், பள்ளி, ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதனுடனே வையுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.